யாழ்ப்பாணத்தில் புதுக்குடித்தனமா, முதலில் தண்ணீரைப் பழகுங்கள்

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ திரும்பி வந்து இங்கேயே இருக்கப் போகிறீர்கள், அல்லது சென்னை, திருச்சிப் பக்கமிருந்து வேலைக்காகவோ கலியாணம் கட்டியோ வந்திருக்கிறீர்கள். வீடு கிடைத்துவிட்டது, சாமான்களும் இறக்கியாயிற்று. வீடு நல்லூரில் என்றாலும் கொக்குவில், மானிப்பாய் என்றாலும் இந்த ஊரில் வீட்டு வேலையில் முக்கால்வாசி தண்ணீரைச் சுற்றித்தான் நடக்கும். அதை ஒழுங்குக்குக் கொண்டுவந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். அதனால் இதில் தண்ணீரைப் பற்றித்தான் கூடுதலாக எழுதுகிறேன், கரண்டும் காஸும் அதற்குப் பிறகு.

குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. வழுக்கையாறு என்று ஒன்று இருக்கிறது, அதுவும் மாரியில் மட்டும்தான். நாங்கள் குடிப்பது, குளிப்பது, தோட்டத்துக்கு இறைப்பது எல்லாம் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கி நிற்கிற மழைத்தண்ணீர், அதிலும் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கிற மழை. அந்த நல்ல தண்ணீர் கீழே கிடக்கிற உப்புத்தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. ஒரேயடியாக இறைத்தால் கீழேயுள்ள உப்பு மேலே ஏறும், ஏறினது திரும்பி இறங்க நாளெடுக்கும். நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்புத்தண்ணீரும் இருக்கிறது என்று சொல்வார்களே, உங்கள் வீட்டுக் கிணற்றுக்குக் கீழேயும் கிட்டத்தட்ட அதே கதைதான்.

ஆகவே முதல் பழக்கம் மோட்டர் போடுகிற பழக்கம். காலையில் எழும்பித் தேத்தண்ணி வைக்கிற நேரத்திலேயே மோட்டரைப் போட்டு மேல்தாங்கியை நிரப்பிவிடுங்கள், நாளுக்கு ஒரு தரம், முடிந்தவரை அதே நேரத்தில். போட்டுவிட்டுப் போனோடு இருந்தால் தாங்கி வழிந்து சுவர் முழுக்கப் பாசி பிடிக்கும், கரண்ட் காசும் வீண், கிணறும் வற்றும். மிதவைச் சுவிட்ச் பூட்டினால் நிரம்பியவுடன் தானாக நின்றுவிடும், வீட்டுக்கு வந்த முதல் கிழமையிலேயே மின்வேலைக்காரரைப் பிடித்து அதைச் செய்வித்துவிடுங்கள். ஆவணி, புரட்டாசியில் கிணறு அடிக்குப் போய்விடும். அப்போது பத்துப் பதினைந்து நிமிடம் இறைத்து, நிறுத்தி, ஊற விட்டு, பின்னேரம் இன்னொரு தரம் இறையுங்கள். தண்ணீர் இல்லாமல் மோட்டர் சும்மா ஓடினால் கருகிப்போகும், கிணற்றுக்கும் அந்த இடைவெளி நல்லது. குளிப்பை விடியவோ பொழுதுபட்டோ வைத்துக்கொள்ளுங்கள், கறுப்புப் பிளாஸ்டிக் தாங்கியில் மத்தியானம் தண்ணீர் கொதிக்கிற மாதிரி இருக்கும், சின்னப் பிள்ளைகளைக் குழாயடியில் விடுமுன் கையால் தொட்டுப் பாருங்கள்.

இனி கல்நீர். சுண்ணாம்புக்கல்லில் ஊறின தண்ணீர் என்பதால் கொதிக்க வைத்தால் கேத்தலின் அடியில் வெள்ளைப் படை பிடிக்கும், ஒரு கிழமையிலேயே தெரிய வரும். புதிதாக வருகிறவர்கள் பயந்துபோய் இது ஏதோ அழுக்கு என்று நினைக்கிறார்கள், அழுக்கில்லை, சுண்ணாம்பு. அதைக் கரண்டியால் சுரண்ட வேண்டாம். அரைக் கேத்தல் தண்ணீரில் அரைக் கோப்பை வினாகிரி விட்டுக் கொதித்ததும் நிறுத்தி அரை மணித்தியாலம் அப்படியே விடுங்கள். முதலில் ஓரத்திலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் எழும்பும், பிறகு படை மெல்லிய தகடுகளாகக் கழன்று அடியில் வந்து கிடக்கும், ஊற்றிவிட்டு இரண்டு தரம் அலசினால் போதும். தேசிக்காய் மலிவான காலத்தில் பிழிந்த கோதுகளைப் போட்டுக் கொதிக்க வைத்தாலும் இதே வேலை நடக்கும். ஷவர் அடைத்துக்கொண்டால் ஒரு ஷொப்பிங் பையில் வினாகிரி விட்டு, ஷவரின் வாய் அதற்குள் அமிழ்கிற மாதிரி நூலால் கட்டி இரவு முழுக்க விடுங்கள். கண்ணாடி, எவர்சில்வர், குழாய் எல்லாவற்றையும் ஈரம் காயுமுன் ஒரு பழைய சாறத்துண்டால் துடைத்துவிட்டால் வெள்ளைப் புள்ளி விழாது, காய்ந்த பிறகு அதே இடத்துக்குப் பத்து மடங்கு கை வேலை. ஆனால் வினாகிரியையோ கழிவறை அமிலத்தையோ சீமெந்து நிலத்திலும் மாபிளிலும் படவிடாதீர்கள், அரித்துவிடும். இன்னொன்று, இதை மட்டும் வீட்டில் வேலை செய்ய வருகிறவர்களுக்கும் மறக்காமல் சொல்லுங்கள்: அமிலத்தையும் குளோரினையும் ஒரு நாளும் சேர்த்து ஊற்றக் கூடாது, குளியலறைக்குள் நச்சுக் காற்று எழும்பி மூச்சு முட்டும்.

சமையலிலும் இந்தத் தண்ணீர் தன் குணத்தைக் காட்டும். பருப்பு, கடலை, கௌபி எல்லாம் அவிய மாட்டேன் என்று நிற்கும், தேத்தண்ணியில் மேலே ஒரு ஆடை படரும். கடலையை இரவே ஊறப்போடுங்கள், புளியைக் கடைசியில் விடுங்கள், அப்பச்சோடா ஒரு சிட்டிகை போடலாம். எல்லாவற்றிலும் நல்லது மழைத்தண்ணீர். முதல் மழை கூரையைக் கழுவிக்கொண்டு போகட்டும், அடுத்த மழையிலிருந்து பீலித் தண்ணீரை மூடியுள்ள பரலில் பிடியுங்கள். பருப்பு அவிப்பதற்கும் தலை முழுகுவதற்கும் அதற்கு ஈடில்லை, சவர்க்காரம் எப்படி நுரைக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்ப்பீர்கள்.

குடிக்கிற தண்ணீரில் மட்டும் எங்கள் அம்மம்மா காலத்துக் கதையை நம்பி இருக்க வேண்டாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், சரி. ஆனால் தோட்டப் பசளையிலிருந்தும் மலசலகூடக் குழியிலிருந்தும் ஊறி வருகிற நைத்திரேற்று கொதிக்க வைத்துப் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிற எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம், வலிகாமம் பகுதியில் தோட்டத்தோடு ஒட்டின கிணறுகள் பல அதைத் தாண்டியிருப்பதாக ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன. கைக்குழந்தை இருக்கிற வீடென்றால் சோதிக்காத கிணற்றுத் தண்ணீரில் பால்மா கரைக்கவே கூடாது. சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கு உயர் நீதிமன்றம் (சுப்ரீம் கோர்ட்) வரை போய் 2019 இல் தீர்ப்பு வந்தது, அந்தப் பக்கம் வீடு எடுக்கிறவர்கள் சுற்றியிருக்கிற வீடுகளில் விசாரித்துவிட்டு எடுங்கள். வந்தவுடன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு கதையுங்கள், எல்லாரும் பி.எச்.ஐ. என்றுதான் சொல்வார்கள். தண்ணீரை எங்கே, எப்படிச் சோதிப்பிப்பது என்று அவர் சொல்லுவார். வெள்ளம் கிணற்றுக்குள் போனால் குளோரின் போடுவிக்கவும் அவரிடம்தான் போக வேண்டும். தாளையடியில் கடல்நீரை நன்னீராக்குகிற நிலையம் 2024 இல் திறந்த பிறகு குழாய்த் தண்ணீர் வருகிற இடங்கள் கூடியிருக்கின்றன, உங்கள் ஒழுங்கைக்கு வந்திருந்தால் இணைப்பு எடுங்கள், குடிக்கவும் சமைக்கவும் அது, மிச்சத்துக்குக் கிணறு. குளித்த தண்ணீரை வாய்க்கால் வெட்டி வாழைக்கும் கமுகுக்கும் விடுகிறது இங்கே பழைய பழக்கம், வளவிருந்தால் நீங்களும் செய்யுங்கள்.

தண்ணீர் என்றால் நுளம்பும் கூடவே வரும். மாரி தொடங்கியதும் டெங்கு கிளம்பும், மார்கழி, தையில்தான் ஆஸ்பத்திரி நிரம்புகிறது. டெங்கு நுளம்பு சாக்கடையைத் தேடுவதில்லை, உங்கள் வீட்டு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், அதுவும் தண்ணீருக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டி வைக்கும். அந்த முட்டை காய்ந்தபடியே மாதக்கணக்கில் கிடந்து மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே வாளியைக் கவிழ்த்து ஊற்றினால் மட்டும் போதாது, தும்பால் உள்சுவரை உரஞ்ச வேண்டும். முட்டை நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் ஆகும் என்பதால் கிழமைக்கு ஒரு தரம் செய்தால் அது பறக்கும் வரைக்கும் வராது. இங்கே பல வீடுகளில் வெள்ளிக்கிழமைக்காக வியாழன் பின்னேரமே வீடு கழுவுவார்கள், அந்த வேலையோடு இதையும் சேர்த்துக்கொண்டால் மறக்காது. பூச்சாடித் தட்டு, நாய்க்கு வைக்கிற சட்டி, தேங்காய்ச் சிரட்டை எல்லாரும் பார்ப்பார்கள். யாரும் பார்க்காத இடங்கள் இரண்டு. ஒன்று பிரிட்ஜின் பின்பக்கத்துத் தட்டு, இழுத்துப் பாருங்கள், தண்ணீர் நிற்கும். மற்றது எறும்பு ஏறாமல் இருக்க அலுமாரிக் காலுக்குக் கீழே வைக்கிற தண்ணீர்க் கிண்ணம், அதில் ஒரு கைப்பிடி உப்பைப் போட்டுவிடுங்கள்.

கரண்ட் பற்றிச் சுருக்கமாக. இங்கே 230 வோல்ட். லண்டன் சாமான் அப்படியே வேலை செய்யும், பிளக்கும் அதே சதுர மூன்று முனைதான், பழைய வீடுகளில் உருண்டை முனைப் பிளக்கும் இருக்கும். கனடாவிலிருந்து மிக்சியையும் ரைஸ் குக்கரையும் சுமந்து வர வேண்டாம், அங்கே 120 வோல்ட். போன், மடிக்கணினிச் சார்ஜரில் 100-240 என்று போட்டிருந்தால் பயமில்லை. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரங்களில் இடி மின்னல் கடுமை, வானம் கறுத்தவுடன் ரீவி, ரவுட்டர் பிளக்கைக் கழற்றிவிடுகிற பழக்கம் வீட்டில் எல்லாருக்கும் வர வேண்டும், சுவிட்சை நிறுத்துவது மட்டும் காணாது. கரண்ட் போய் வந்தால் பிரிட்ஜை ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். பில்லில் அலகு கூடக் கூட ஒரு அலகின் விலையும் கூடுகிற முறை என்பதால் உடுப்பைத் தினம் ஒன்றொன்றாக ஸ்திரி போடாமல் கிழமைக்கு ஒரு தரம் மொத்தமாகப் போடுவது மிச்சம்.

காஸ் சிலிண்டர் 12.5 கிலோ. இரண்டாவது ஒன்று எப்போதும் நிரம்பியபடி இருக்கட்டும், புதிது மாட்டினதும் ரெகுலேட்டர் மூட்டில் சவர்க்கார நுரையைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள், படுக்கப்போகுமுன் ரெகுலேட்டரை மூடுங்கள். 2022 இல் காஸும் இல்லை, ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை கரண்டும் இல்லை என்று இருந்த காலத்தில் பின்பக்கத்தில் விறகடுப்பு வைத்திருந்த வீடுகள்தான் நேரத்துக்குச் சமைத்தன. வீட்டில் பழைய அடுப்படி இருந்தால் தயவுசெய்து இடிக்காதீர்கள். மண்சட்டியில் விறகில் வைத்த மீன்குழம்புக்காகவே அதை வைத்திருக்கலாம்.

மீனென்றால் விடியப் போக வேண்டும், பாஷையூர், குருநகர், காக்கைதீவு எது கிட்டவோ அது. மரக்கறிக்கு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தை, மருதனார்மடம், சுன்னாகம். மிளகாய்த்தூளைக் கடையில் வாங்காமல் வறுத்து மில்லில் அரைப்பித்துப் போத்தல்களில் இறுக்கி மூடி வையுங்கள், ஈரக் கரண்டி உள்ளே போகக் கூடாது, அவ்வளவுதான், ஆறு மாதம் நிற்கும். வீட்டில் சைவ நாளுக்குத் தனிச்சட்டி வைத்துவிட்டால் வெள்ளிக்கிழமை விருந்தாள் வந்தாலும் சங்கடமில்லை.

சோளகம் வீசுகிற வைகாசி தொடக்கம் புரட்டாசி வரை புழுதி வீட்டுக்குள் அள்ளிக்கொண்டு வரும். காற்றுப்பக்க யன்னலை மத்தியானம் சாத்திப் பொழுதுபடத் திறங்கள், முற்றத்தில் தண்ணீர் தெளித்துவிட்டுக் கூட்டுங்கள். கூட்டின சருகை எரிக்காமல் வாழையடியில் போடுங்கள், பிளாஸ்டிக்கை மட்டும் எந்தக் காரணத்துக்கும் கொளுத்த வேண்டாம், பக்கத்து வீட்டில் இளைப்புக்காரர் இருப்பார். கல், ஓலை, பலகை எதையும் சுவரோடு குவித்து வைக்காதீர்கள், பாம்பு குடியேறும். இங்கே புடையனும் (கண்ணாடி விரியன்) இருக்கிறது, சுருட்டை விரியனும் இருக்கிறது. எட்டடி விரியன் (கட்டுவிரியன்) இரவில் திரிகிறது, நிலத்தில் படுப்பவர்களைத் தூக்கத்திலேயே கடிக்கும், ஆகவே பாயில் படுக்கிற ஆசையிருந்தால் நுளம்பு வலையைப் பாய்க்குக் கீழே செருகிப் படுங்கள். இரவில் வெளியே இறங்கினால் டோர்ச் இல்லாமல் இறங்க வேண்டாம். கடித்தால் கட்டுப்போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம், 1990 க்கு அடியுங்கள், இலவச அம்புலன்ஸ். அந்த இலக்கத்தையும் மின்சார சபையின் 1987 ஐயும் பொலிசின் 119 ஐயும் பெரிதாக எழுதிப் பிரிட்ஜில் ஒட்டுங்கள்.

கடைசியாக, கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ சில கிழமைகள் போகிறபோது. மோட்டர் மெயினையும் காஸையும் நிறுத்துங்கள், வாளிகளைக் கவிழ்த்து வையுங்கள், கொமட்டின் மூடியைச் சாத்தி மேலே ஒரு பொலித்தீனைப் போட்டுக் கட்டுங்கள், அதிலும் நுளம்பு பெருகும். பிரிட்ஜைக் காலியாக்கிக் கதவைக் கொஞ்சம் திறந்தபடி விட்டால் மணக்காது. ஒரு திறப்பை அயலில் நம்பிக்கையானவரிடம் கொடுத்து, மழை பெய்த அடுத்த நாள் ஒருக்கால் வளவைச் சுற்றிப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போங்கள், திரும்பி வரும்போது அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கி வாருங்கள்.