பாதுகாப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது மட்டக்களப்புச் சொந்தத்தை மறைக்காதீர்கள்

கல்லடி, களுவாஞ்சிகுடி, திருக்கோவில் பக்கம் பிறந்து அமெரிக்கக் குடியுரிமை எடுத்த பிள்ளைகள் அங்கே அரசாங்க வேலைக்கும் பாதுகாப்புத் துறை ஒப்பந்த வேலைக்கும் விண்ணப்பிக்கிறார்கள். பாதுகாப்பு அனுமதி (அரசின் இரகசியத் தகவல்களைக் கையாள ஒருவரின் பின்னணியைச் சோதித்துக் கொடுக்கும் அனுமதி) என்றதும் பயத்தில் சில பிழைகளை விட்டுவிடுகிறார்கள். மற்ற நாடுகளில் விதி வேறு. இங்கே அமெரிக்க நடைமுறையை மட்டும் சொல்கிறேன்.

பெரிய பிழை, ஊரில் இருக்கும் உறவை எழுதாமல் விடுவது. இந்த அனுமதிக்காக நிரப்பும் எஸ்எஃப்-86 என்ற படிவம் பெற்றோர், சகோதரர், மாமனார், மாமியார் எல்லோருடைய விபரத்தையும் கேட்கும். அக்கா பிரதேச செயலகத்தில் வேலை செய்தால், "சின்ன உத்தியோகம்தானே" என்று விட வேண்டாம். உறவினருக்கு வெளிநாட்டு அரசோடு தொடர்பு உண்டா என்ற கேள்வி தனியாகவே இருக்கிறது. உறவு இருப்பதை வைத்து மட்டும் மறுப்பதில்லை. அந்த உறவைக் காட்டி உங்களை நெருக்க முடியுமா என்றுதான் பார்ப்பார்கள். தெரிந்தே பொய் எழுதினால் 5 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம்.

திகதியில்தான் எங்கள் குடும்பங்கள் அதிகம் தடுமாறுகின்றன. அப்பாவின் அடையாள அட்டையில் ஒரு பிறந்த திகதி, பிறப்புச் சான்றிதழில் வேறு. 1990 இடப்பெயர்விலும் 2004 சுனாமியிலும் பத்திரம் போன வீடுகள் எத்தனையோ. நிச்சயமில்லாத திகதிக்குப் பக்கத்தில் உத்தேசம் என்று குறிக்க இடம் உண்டு. அதைக் குறித்து, காரணத்தையும் கீழே எழுதுங்கள். ஊரில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பிள்ளை தொலைபேசியில் விபரம் கேட்டால் "எதுக்கு இதெல்லாம்?" என்று கோபிக்காமல் சரியானதைச் சொல்லுங்கள்.

அடுத்தது சீதன வீடு. எங்கள் பகுதியில் பெண்பிள்ளையின் பெயரில் வீடும் வளவும் எழுதுவது வழமை. அம்மா அதில் குடியிருப்பதால் மகள் அதைத் தன் சொத்து என்று நினைப்பதேயில்லை. ஆனால் காணி உறுதியில் அவள் பெயர் இருந்தால் அது வெளிநாட்டுச் சொத்து, அதை எழுதத்தான் வேண்டும். ஊருக்குப் பணம் அனுப்புவதையும் வங்கி வழியாகச் செய்யுங்கள். உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலம், போனால், கேட்கும்போது காட்ட ஒரு துண்டும் கையில் இருக்காது.

இரட்டைக் குடியுரிமையில் இரண்டு குழப்பம். இலங்கைச் சட்டப்படி, நீங்களாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தால் இலங்கைக் குடியுரிமை போய்விடும். அதை வைத்திருக்க அல்லது திரும்பப் பெறத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பழைய அடையாள அட்டை அலுமாரியில் இருக்கிறது என்பதற்காக "எனக்கு இரண்டும் உண்டு" என்று எழுதிவிடாதீர்கள். மற்றது, இரட்டைக் குடியுரிமை இருந்தாலே அனுமதி கிடைக்காது என்ற பேச்சு. அனுமதி கொடுப்பதா என்று முடிவெடுக்க 2017இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க அரசின் வழிகாட்டி, அது மட்டுமே தடையல்ல என்கிறது. வேறு நாட்டுக் கடவுச்சீட்டை மறைப்பதும், அமெரிக்காவுக்குள் போய்வர அமெரிக்கக் கடவுச்சீட்டைப் பாவிக்காமல் விடுவதும்தான் சிக்கல்.

போர்க்கால விடயம் இன்னும் கவனமானது. விடுதலைப் புலிகள் இயக்கத்தை அமெரிக்கா 1997இல் தடைப்பட்டியலில் சேர்த்தது. அண்ணனோ மாமாவோ இயக்கத்தில் இருந்திருந்தால், படிவம் கேட்கும் கேள்விக்கு உண்மையை எழுதுங்கள். கேட்காததை ஊகித்து நீட்ட வேண்டாம். படிவத்தை அனுப்பும் முன் இந்த வேலையில் பழகிய சட்டத்தரணி ஒருவரிடம் காட்டுங்கள், ஊர்ச் சொந்தக்காரர் சொல்லும் யோசனையை வைத்து நிரப்பாதீர்கள்.