தையல் இயந்திரம் மக்கர் செய்தால்: திருகாணியைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை

தையல் சரியாக விழவில்லை என்றதும் பலருடைய கை முதலில் போவது மேல்நூலின் இறுக்கத்தை மாற்றும் டென்ஷன் திருகாணிக்குத்தான். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். நூல் கோத்த வழி, ஊசி, அழுக்கு ஆகிய மூன்றையும் பார்த்து முடித்த பிறகும் குறை நீடித்தால்தான் அதன் முறை வரும்.

துணியின் அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சுருண்டால் அடிநூல் சுற்றிய பாபினைச் சந்தேகிக்கிறோம். உண்மையில் குறை பெரும்பாலும் மேல்நூலில் இருக்கிறது. துணியை அழுத்தும் பாதம் இறங்கியிருக்கும்போது மேல்நூலைப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் இறுக மூடிக்கொள்வதால், அப்போது கோக்கும் நூல் அவற்றின் இடையே நுழையாமல் பிடிமானமின்றி நின்றுவிடுகிறது. ஆகவே பாதத்தை உயர்த்தி, நூலை முழுவதுமாக உருவி, மறுபடியும் கோத்துக்கொள்ளுங்கள். பிறகு பாதத்தை இறக்கி நூலை இழுத்துப் பாருங்கள். கைக்குச் சற்று இறுக்கம் தெரிய வேண்டும்.

தையல் விட்டு விட்டு விழுந்தால் ஊசியைக் கழற்றி, அதன் தலையிலுள்ள தட்டையான பக்கம் படியும்படி கண்ணாடித் துண்டின்மேல் வையுங்கள். கண்ணாடிக்கும் ஊசித்தண்டுக்கும் உள்ள இடைவெளி முனைவரை சீராக இல்லையென்றால் ஊசி வளைந்திருக்கிறது, மாற்றிவிடுங்கள். தட்டைப் பக்கத்திற்கு எதிரே நீளவாக்கில் ஓடும் பள்ளத்தை நகத்தால் தடவியே உணரலாம். நூல் அந்தப் பள்ளமுள்ள பக்கத்திலிருந்துதான் ஊசிக்கண்ணில் நுழைய வேண்டும். சாதாரணப் பருத்தித் துணிக்கு 14ஆம் எண் ஊசி, மெல்லிய துணிக்கு 11, ஜீன்ஸ் துணிக்கு 16 அல்லது 18 பொருந்தும்.

இயந்திரம் கனமாக ஓடுவதற்கு எங்கள் சேலம் பக்கத்தில் முக்கியக் காரணம், மெஷின் ஆயிலுக்குப் பதிலாக விடும் தேங்காய் எண்ணெய். ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் மார்கழிக் காலையில் மிதியை அழுத்தினால் சக்கரம் அசையாமல் நிற்பது அதனால்தான். கீழே சேலத்தின் வெயிலில் உறையாவிட்டாலும், அது நாளடைவில் பஞ்சுத்தூசியோடு சேர்ந்து மஞ்சள் நிறப் பிசினாக பாபின் உட்காரும் ஷட்டிலைச் சுற்றி இறுகிவிடுகிறது. பழைய இரும்பு இயந்திரமாக இருந்தால், மோட்டார் இருப்பின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, எண்ணெய்த் துளைகளில் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டுக் கைச்சக்கரத்தைச் சுழற்றுங்கள். கறுத்து வழிவதைத் துணியால் துடையுங்கள். பிறகு துளைக்கு ஒரு சொட்டு மெஷின் ஆயில் போதும். ஊசித்தட்டைக் கழற்றி, துணியை நகர்த்தும் பற்களுக்கிடையே அடைத்திருக்கும் பஞ்சையும் தூரிகையால் எடுத்துவிடுங்கள். வாயால் ஊதினால் ஈரம் பட்டுத் துருப்பிடிக்கும்.

சக்கரம் சுழன்றும் ஊசி அசையவில்லையென்றால், பாபினில் நூல் சுற்றத் தளர்த்திய கைச்சக்கரத்தின் நடுத்திருகை மீண்டும் முடுக்க மறந்திருப்பீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் தையல் சீராகவில்லையென்றால், மேலே சிவப்பு, கீழே வெள்ளை என இரு நிற நூல் போட்டு ஒட்டுத்துணியில் தைத்துப் பாருங்கள். அடியில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் மேல் டென்ஷனைக் கால் சுற்று இறுக்குங்கள். மேலே வெள்ளை தெரிந்தால் கால் சுற்றுத் தளர்த்துங்கள். ஒவ்வொரு முறையும் தைத்துப் பார்த்த பிறகே அடுத்த கால் சுற்று.