கல்லூரியில் மனநலம்: உதவி கேட்க வருபவரை விரட்டும் தவறுகள்

தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் இன்று 'கவுன்சிலிங் செல்' என்றொரு பலகை தொங்குகிறது. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வந்தால் எடுத்துக் காட்ட ஒரு பதிவேடும் உண்டு. அக்டோபர் 10 உலக மனநல நாளன்று சிறப்பு விருந்தினர், சால்வை, உறுதிமொழி, குரூப் போட்டோ. ஆனால் அந்த அறைக் கதவைத் தானாகத் தட்டும் மாணவர்கள் குறைவு. ஆசிரியர்கள் அந்தப் பக்கமே போவதில்லை.

'விழிப்புணர்வு போதாது' என்று இதற்குக் காரணம் சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. டிப்ரஷன், பேனிக் அட்டாக் எல்லாம் இந்தத் தலைமுறைக்குக் கேன்டீனில் புழங்கும் சொற்கள். வந்தால் என்ன ஆகும் என்று அவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். துறையில் யாருக்கெல்லாம் தெரியும்? வீட்டுக்குப் போன் போகுமா? இன்டர்னல் மார்க்கில் கை வைப்பார்களா? கிடைக்கும் உதவியைவிட வரப்போகும் நஷ்டம் பெரிதாகத் தெரிந்தால் யார் வருவார்கள்? நல்ல எண்ணத்தோடு கல்லூரிகள் செய்யும் பல காரியங்கள் அந்த நஷ்டத்தைக் கூட்டத்தான் செய்கின்றன.

விஷயம் சிறியதல்ல. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் மட்டும் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கும் ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆளைப் போட்டால் மட்டும் போதுமா என்பதுதான் இனி கேள்வி.

கவுன்சிலிங்கைத் தண்டனையாக்குவது

வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனவனிடம், "கவுன்சிலிங் போயிட்டு லெட்டர் வாங்கிட்டு வா" என்பார்கள். ஹாஸ்டலில் சண்டை போட்டவன், காதல் விவகாரத்தில் மாட்டியவள், ஐந்து அரியர் வைத்தவன் எல்லாருக்கும் அதே அறைதான். ஒரு செமஸ்டர் இப்படி நடந்தால் போதும், அங்கே போகிறவர் ஏதோ தப்பு செய்தவர் என்று கல்லூரி முழுக்கப் பதிந்துவிடும். அப்புறம் எத்தனை போஸ்டர் ஒட்டினாலும் அழியாது.

பாடம் நடத்தும் ஒருவரையே கவுன்சிலராகவும் நியமிப்பது இதைவிட மோசம். காலையில் இன்டர்னல் மார்க் போடுபவர், மதியம் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் உட்காருபவர், மாலையில் "மனசுவிட்டுப் பேசுப்பா" என்றால் எந்தப் பிள்ளை பேசும்? அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்தச் சிக்கல் தீராது. ஆலோசகருக்கு மதிப்பெண்ணிலும் தண்டனையிலும் பங்கே இருக்கக் கூடாது.

அறை இருக்கும் இடத்தையும் பாருங்கள். முதல்வர் அறைக்குப் பக்கத்தில், வராந்தாவில் போகிற எல்லாரும் பார்க்கும்படி, காலை பத்து முதல் மாலை நான்கு வரை, அதாவது வகுப்பு நடக்கும் நேரத்தில் மட்டும் திறந்திருக்கும். வகுப்பிலிருந்து வெளியே வர ஆசிரியரிடம் காரணம் சொல்லியாக வேண்டும். நூலகத்தின் ஒரு மூலையிலோ ஹெல்த் சென்டர் உள்ளேயோ வைத்து மாலை ஏழு வரை திறந்தால் பெரிய செலவா ஆகிவிடப்போகிறது?

எடுத்த எடுப்பில் வீட்டுக்குப் போன் போடுவது

மாணவி ஒருத்தி அழுதாள் என்றால், துறைத்தலைவர் முதலில் தேடுவது அப்பாவின் போன் நம்பரை. நாளைக்கு ஏதாவது ஆனால் நிர்வாகத்தின் மீது பழி வரும் என்ற பயம். அந்தப் பயம் புரிகிறது. ஆனால் பல நேரம் துன்பமே வீட்டில்தான் இருக்கிறது. படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்துவைக்கப் பார்க்கிறார்கள், வேறு சாதிப் பையனோடு பேசுவது தெரிந்துவிட்டது, குடித்துவிட்டு வரும் அப்பா. அந்த அப்பாவுக்கே போன் போட்டு, "உங்க பொண்ணு ஒரு மாதிரியா இருக்கா, வந்து கூட்டிட்டுப் போங்க" என்றால் அந்தப் பெண் திரும்பக் கல்லூரிக்கு வருவாளா என்பதே சந்தேகம். அவளுடைய தோழிகளும் இதைப் பார்த்துப் பாடம் படித்துக்கொள்வார்கள்: இங்கே வாயைத் திறக்கக் கூடாது.

கல்லூரி மாணவர்களில் பெரும்பாலோர் 18 வயது தாண்டியவர்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், சிகிச்சைத் தகவல்கள் ரகசியமாக இருக்க வேண்டும் என்பதை 23ஆம் பிரிவில் உரிமையாகவே வைத்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்கிற நிலையில் இதற்கு விலக்கு உண்டு, இருக்கவும் வேண்டும். அந்த எல்லை எங்கே என்பதை முதல் சந்திப்பின் முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிடுவதுதான் நாணயம்: "நீ சொல்றது என்னோட இருக்கும். ஆனா உன் உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும் நான் உதவிக்கு ஆள் கூப்பிடுவேன். அப்பவும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் கூப்பிடுவேன்." வீட்டுக்குச் சொல்லியே ஆக வேண்டுமென்றால், யாரிடம் சொல்லலாம் என்று அவரிடமே கேளுங்கள். அப்பாவிடம் சொல்ல முடியாததை அக்காவிடம், சித்தியிடம், தாய்மாமாவிடம் சொல்ல முடியலாம்.

நேராகக் கேட்கப் பயப்படுவது

தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாகிவிடும் என்று ஆசிரியர்கள் பலர் நம்புகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் இது தவறான நம்பிக்கை என்று தெளிவாகச் சொல்கிறது. கேட்பதால் எண்ணம் வருவதில்லை; உள்ளே வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தவருக்குப் பேச வழி கிடைக்கிறது. "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" என்று நிதானமாக, பதறாமல் கேட்கலாம். ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் ஆலோசகரிடமோ அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கோ கூடவே போக வேண்டும். விலாசம் எழுதிக் கொடுத்து அனுப்புவது உதவியாகாது.

சொல்லக் கூடாதவையும் உண்டு. "உனக்கென்னப்பா குறை?", "எங்க காலத்துல நாங்க படாத கஷ்டமா?", "வீட்ல இருக்கிறவங்கள நெனச்சுப் பார்த்தியா?" கடைசிக் கேள்வி பாசமாகத்தான் வருகிறது. ஆனால் தான் எல்லாருக்கும் பாரம் என்று ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருப்பவருக்கு அது இன்னொரு குற்றச்சாட்டு.

அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவையான டெலிமானஸின் எண் 14416. தமிழ்நாட்டில் இதை 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் 2022 டிசம்பரில் தொடங்கினார்கள். இலவசம், இரவும் பகலும் தமிழில் பேசலாம். சென்னையில் 1986 முதல் 'சிநேகா' என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு இயங்குகிறது. இந்த எண்களைச் சுவரில் ஒட்டியதோடு பலர் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். வார்டனோ பேராசிரியரோ ஒருமுறை அழைத்துப் பேசிப் பார்த்திருந்தால், "நான் பேசினேன், நல்லா பேசினாங்க" என்று மாணவனிடம் சொல்ல முடியும். போஸ்டர் செய்யாத வேலையை அந்த ஒரு வாக்கியம் செய்யும்.

மனதைத் திருத்தப் பார்த்து, விதியை அப்படியே விட்டுவிடுவது

யோகா முகாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரே வாரத்தில் ஐந்து இன்டர்னல் தேர்வு, தோற்றவர் பெயரைப் பலகையில் ஒட்டுவது, கட்டணம் பாக்கி என்று ஹால் டிக்கெட்டைத் தேர்வுக்கு முந்தைய நாள்வரை பிடித்துவைப்பது, இத்தனையும் செய்துவிட்டு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுப்பதில் பலனில்லை என்றுதான் சொல்கிறேன். மதிப்பெண்ணை வைத்து மாணவர்களைத் தனித்தனிப் பிரிவுகளாகப் பிரிப்பதும் எல்லார் முன்னாலும் அவமானப்படுத்துவதும் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் அதே உத்தரவில் சொல்லியிருக்கிறது.

விதியை மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே உதாரணம் உண்டு. பிளஸ் டூவில் ஒரு பாடத்தில் தோற்றாலும் ஓராண்டு வீணாகும் என்றிருந்த காலம் போய், சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதி அதே ஆண்டு கல்லூரியில் சேரலாம் என்று வந்தது. தோல்வி உலகத்தின் முடிவல்ல என்று ஆயிரம் பேர் மேடையில் பேசியதைவிட, அதை நிஜமாகவே முடிவாக இல்லாமல் செய்த ஏற்பாடு அது. கல்லூரி அளவில் இதற்கு ஈடானவை: சிகிச்சைக்காக ஒரு செமஸ்டர் விடுப்பு எடுத்தவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள எளிய நடைமுறை, வருகைக் குறைவுக்கான மருத்துவச் சான்றிதழைத் துறையின் கைகளில் சுற்றவிடாமல் நேரே ஹெல்த் சென்டரில் கொடுக்கும் வசதி, கைடோடு, அதாவது ஆய்வு வழிகாட்டியோடு, ஒத்துப்போகாத ஆராய்ச்சி மாணவர் பழிவாங்கப்படாமல் கைடு மாற ஒரு வழி. தமிழ்வழியில் படித்துவிட்டு வந்து, ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் எழுந்து நிற்கவே கூசுகிற முதல் தலைமுறை மாணவருக்கு, தமிழில் பதில் சொல்லலாம் என்கிற அனுமதியே பாதி நிம்மதி.

ஒரு மரணத்துக்குப் பிறகு வாய்மூடுவது

வளாகத்தில் ஒரு தற்கொலை நடந்தால், ஒன்று அப்படியே அமுக்குவார்கள், இல்லையென்றால் "காதல் தோல்வியாம்" என்று கதை கட்டிவிடுவார்கள். இரண்டுமே ஆபத்து. காரணத்தை ஊகிக்காமல், எப்படி நடந்தது என்று விவரிக்காமல், இறப்பை மட்டும் நேராகச் சொல்லிவிட வேண்டும். அதே அறையில் தங்கியிருந்தவர்கள், முதலில் பார்த்த வார்டன், காவலாளி ஆகியோரைத் தேடிப் போய்ப் பேச வேண்டும். அவர்கள் தாமாக வரமாட்டார்கள்.

ஆசிரியரை மறந்துவிடுவது

ஒவ்வொரு ஆசிரியருக்கும் இருபது முப்பது மாணவர்களை 'மென்டி' என்று ஒப்படைத்துவிட்டு, அவர்களின் மனநலம் இனி உங்கள் பொறுப்பு என்கிறது நிர்வாகம். அந்த ஆசிரியர் யார்? சில தனியார் கல்லூரிகளில் கோடை விடுமுறையில் அட்மிஷனுக்கு ஆள் பிடிக்க வீடு வீடாகப் போக வைக்கப்படுபவர். தொழில்நுட்பக் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. கூடாது என்று சொல்லியும், அசல் சான்றிதழ்களை நிர்வாகத்திடம் கொடுத்துவிட்டு, வேறு வேலைக்குப் போக முடியாமல் நிற்பவர். அரசுக் கல்லூரி என்றால், 25,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் ஆண்டுக்குப் பதினொரு மாதம் மட்டும் சம்பளம் வாங்கிய கௌரவ விரிவுரையாளர். அவருக்குத் தூக்கமில்லை என்றால் யாரிடம் சொல்வார்? விடுப்பு கொடுப்பதும் பணியை நீட்டிக்கப் பரிந்துரைப்பதும் ஒரே துறைத்தலைவர். கல்லூரிக்கு வெளியே இருக்கும் ஆலோசகர் ஒருவரிடம், பெயர் நிர்வாகத்துக்குப் போகாதபடி ஆசிரியர்கள் பேச ஏற்பாடு செய்யலாம். ஆனால் மே மாத வாடகையை எப்படிக் கட்டுவது என்று தூக்கம் கெடுபவரின் கவலை எந்த ஆலோசகர் பேசினாலும் தீராது, அதற்குப் பன்னிரண்டாவது மாதச் சம்பளம்தான் வேண்டும்.