ரெசல்யூஷனா, ஃபிரேம் ரேட்டா? கன்சோல் கேம்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் ஆகிய இரண்டும் 2020 நவம்பரில் வெளிவந்தன. அவற்றுக்கு வரும் பெரிய கேம்களில் பல, ‘குவாலிட்டி’, ‘பெர்ஃபார்மன்ஸ்’ என இரண்டு மோடுகளைத் தந்து, எது வேண்டும் என்ற முடிவை ஆடுபவரிடமே விட்டுவிடுகின்றன. பொதுவாக முதலாவது கூர்மையான படத்தை நொடிக்கு 30 ஃபிரேமில், அதாவது நொடிக்கு 30 தனித்தனிப் படங்களாகத் தரும். இரண்டாவது ரெசல்யூஷனை, அதாவது படத்தை உருவாக்கும் புள்ளிகளான பிக்சல்களின் எண்ணிக்கையைக் குறைத்து 60 ஃபிரேமை எட்டப் பார்க்கும். எண்ணை மட்டும் பார்த்து, அந்த எண் தம்முடைய டிவியில் என்னவாகத் தெரிகிறது என்பதைப் பாராமல் விடுவதால்தான் இதில் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

டிவி 4கே என்று காட்டுவதால் கேமும் 4கேயில் வரையப்படுகிறது என நம்புவது அவற்றுள் மிகப் பரவலானது. 4கே படத்தில் ஏறத்தாழ 83 லட்சம் பிக்சல்கள் உண்டு; 1440பியில் 37 லட்சம், 1080பியில் 21 லட்சம். பல கேம்கள் குறைந்த எண்ணிக்கையில் வரைந்து, எஃப்எஸ்ஆர் போன்ற அப்ஸ்கேலிங் முறையால் பெரிதாக்கி 4கே சிக்னலாக அனுப்புகின்றன. காட்சியின் கனத்துக்கு ஏற்ப ரெசல்யூஷனை ஏற்றி இறக்கும் கேம்களும் உண்டு. ஆகவே இரு மோடுகளையும் ஒப்பிட விரும்புவோர், வழக்கமாக உட்காரும் தூரத்திலிருந்தே, தொலைவிலுள்ள கம்பிவேலியையும் மரக்கிளைகளையும் கேமராவை மெல்லச் சுழற்றியபடி பார்க்க வேண்டும். பெர்ஃபார்மன்ஸ் மோடிலும் ஓரங்கள் மினுமினுப்பது அங்கே தெரியாவிட்டால், குவாலிட்டி மோடின் கூடுதல் பிக்சல்களால் பெரிய பயன் இல்லை. ஆனால் குவாலிட்டி மோடில், ஒளி பட்டுத் தெறிப்பதைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங்கும் சேர்ந்து வருமானால் கணக்கு மாறும். அப்போது பிக்சலோடு ஒளியின் தன்மையும் சேர்ந்தே வேறுபடுகிறது.

சராசரி ஃபிரேம் எண்ணிக்கையை மட்டும் நம்புவது அடுத்த தவறு. 60 ஃபிரேமில் ஒவ்வொரு ஃபிரேமும் 16.7 மில்லிவினாடி நிற்கும், 30இல் 33.3. ஒரு கேம் 45க்கும் 55க்கும் இடையில் ஊசலாடினால், நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும் சாதாரண 60 ஹெர்ட்ஸ் டிவியில் சில ஃபிரேம்கள் ஒருமுறையும் சில இருமுறையும் காட்டப்பட்டு, ஓட்டம் தடுக்கித் தடுக்கித் தெரியும். இதைவிடச் சீரான 30 கண்ணுக்கு இதமானது என்பதே என் கருத்து. இந்தக் குறையை, கேமின் ஃபிரேம் வேகத்துக்கு ஏற்ப டிவி புதுப்பிக்கும் வேகத்தை மாற்றும் விஆர்ஆர் வசதி பெருமளவு மறைக்கும். ஆனால் பிளேஸ்டேஷன் 5இல் அது 48 முதல் 120 ஹெர்ட்ஸ் வரையில்தான் இயங்குகிறது என்பதால், அதற்குக் கீழே சரியும் கேமுக்கு அதையே முழுமையாக நம்பியிருக்க முடியாது.

சில கேம்களில் உள்ள 40 ஃபிரேம் மோடைப் பலர் கவனிப்பதே இல்லை. அதில் ஒவ்வொரு ஃபிரேமும் நிற்கும் 25 மில்லிவினாடி என்பது, நேரக் கணக்கில் 30க்கும் 60க்கும் சரிபாதி. 120 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு ஃபிரேமும் மும்முறை காட்டப்படுவதால் தடுமாற்றமும் இருக்காது. மெனுவில் அந்த மோடே தோன்றவில்லையெனில் கேமைக் குறைசொல்வதற்கு முன் எச்டிஎம்ஐ கேபிள் எந்தப் போர்ட்டில் செருகப்பட்டுள்ளது என்று பார்ப்பது நல்லது. பல டிவிக்களில் ஓரிரு போர்ட்கள் மட்டுமே 4கேயில் 120 ஹெர்ட்ஸை ஏற்கும்.

ரெசல்யூஷனைக் குறைத்தால் எல்லாத் தேக்கமும் தீரும் என்பதும் சரியன்று. பிக்சல்களின் சுமை, படத்தை வரையும் சிப்பான ஜிபியு மேல் விழுகிறது. கூட்டம் நிறைந்த நகரக் காட்சியிலோ, மனிதர்களின் நடமாட்டத்தையும் பொருள்களின் மோதலையும் கணக்கிடும் சிபியு திணறக்கூடும். அங்கே பெர்ஃபார்மன்ஸ் மோடுக்கு மாறினாலும் வேகம் பெரிதாக ஏறாது.

எல்லா கேம்களுக்கும் ஒரே மோடை வைத்துக்கொள்வதும் வீண். சண்டை, பந்தயம், துப்பாக்கிச் சுடுதல் ஆகியவற்றில் பொத்தானை அழுத்தியதற்கும் திரை மாறுவதற்கும் இடையிலான தாமதம் ஆட்டத்தையே மாற்றும். முறைவைத்து ஆடும் வியூக கேமில் அது பொருட்டல்ல. 30 ஃபிரேமை வழவழப்பாக்க, இடையிடையே புதிய ஃபிரேம்களைச் செருகும் டிவியின் மோஷன் ஸ்மூத்திங்கை இயக்குவோரும் இதே தாமதத்தைத்தான் கூட்டிக்கொள்கிறார்கள். டிவியில் கேம் மோடை இயக்கினால் பெரும்பாலும் அந்த வசதி தானே அணைந்துவிடும்.