வீட்டுக்கு வசூல் ஆச்சு, படகுக்கு யார் தருவது?

"ஒரு வீட்டுக்கு எவ்வளவுங்க ஆகும்?" மியான்மரின் ஐராவதி டெல்டாவில் ஏழைகளுக்கு வீடு கட்டித் தருகிறோம் என்று வைபர் செயலிக் குழுவில் ஒரு செய்தி போட்டால், முதலில் வரும் கேள்வி இதுதான். நாமும் ஒரு தொகையைச் சட்டென்று சொல்லிவிடுகிறோம். பாதி வேலை அங்கேயே கெட்டுப்போகிறது. தச்சரைக் கேட்டுச் சொன்ன அந்தத் தொகையில் மரம், மூங்கில் தட்டி, தகரம், கூலி எல்லாம் இருக்கும். மேடு கட்டுகிற மண், கழிப்பறை, படகு மூன்றும் இருக்காது.

எங்கள் கோவில் இளைஞர் குழு முதல் தடவை டெல்டாவில் இருக்கிற பியாப்போன் பக்கம் நான்கு வீடு கட்டப் போனபோது நான்தான் பொருளாளர். தகரமும் மரமும் ஆற்றங்கரை வரை லாரியில் சுகமாக வந்துவிட்டன. அங்கிருந்து ஊருக்குக் கால்வாய்தான் வழி. தண்ணீர் ஏறும் நேரம் பார்த்துத்தான் சுமைப் படகு போகும். எங்கள் சாமானுக்கு மூன்று நடை. கூலி கொடுக்கக் கையில் பணம் இல்லை. "அப்புறம் போட்டுக்கொள்ளலாம்" என்று அன்னதானக் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அந்த அப்புறம் வர எட்டு மாதம் ஆனது. நான் ஒரு பைசா எடுக்கவில்லை, ஆனால் கோவிலில் அந்த எட்டு மாதமும் என்னைப் பார்த்த பார்வை வேறு. ஆகவே வீட்டு வசூலுக்குத் தனிக் கணக்கு, தனி ரசீதுப் புத்தகம் வேண்டும். அதுவும் முதல் காசு வாங்குவதற்கு முன்பே.

கேட்கிற தொகையிலேயே வண்டி, படகு, போக்குவரத்து, நோட்டுப் புத்தகம் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். "நீங்கள் கொடுப்பது முழுக்க வீட்டுக்கே போகும்" என்று சொல்ல எல்லோருக்கும் ஆசைதான். படகுக்காரர் தர்மத்துக்கா ஓட்டுகிறார்?

வசூல் நேரத்திலும் கணக்குத் தப்புகிறது. பங்குனி உத்திரக் கூட்டத்தில் உண்டியல் ஏந்தினால் நன்றாகத்தான் வரும். ஆனால் அந்தப் பணம் கையில் சேர்வதற்குள் ஏப்ரல் நடுவில் திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழா வந்துவிடும். தச்சர் ஊருக்குப் போய்விடுவார். மே மாதம் மழை பிடித்தால் அக்டோபர் வரை விடாது. வீடு கட்ட நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் நேரம். ஆகவே தீபாவளிக்கு முன்பே கையில் பணம் இருக்க வேண்டும். பணம் வந்ததும் தகரத்தையும் ஆணியையும் வாங்கிப் போட்டுவிடுங்கள், அது வங்கியில் கிடந்தால் விலைவாசி தின்றுவிடும். வெளிநாட்டிலிருந்து வருகிற பணத்துக்கு எந்த மாற்று விலை என்பதையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். 2022 ஆகஸ்டில் அரசு ஒரு டாலருக்கு 2,100 சாட் (மியான்மர் நாணயம்) என்று நிர்ணயித்தது. சந்தை விலை பின்னர் அதைப்போல் இரு மடங்கைத் தாண்டியது. இந்த இடைவெளியில் ஒரு முழு வீடே காணாமல் போகும்.

நிலத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. "இந்த இடம் யாருது?" என்று கேட்டால், "எங்க தாத்தா காலத்துல இருந்து நாங்கதான்" என்று பதில் வரும். பொய்யில்லை, ஆனால் காகிதம் இருக்காது. 2012 விவசாய நிலச் சட்டத்தின்படி வயலுக்கு ஏழாம் நம்பர் படிவம், அதாவது நிலத்தைப் பயன்படுத்தும் உரிமைச் சான்று, வேண்டும். அனுமதி வாங்காமல் அந்த நிலத்தை வேறு காரியத்துக்குப் பயன்படுத்த முடியாது. வயல் வரப்பு ஓரத்தில் வீடு கட்டிவிட்டு, பிறகு அலுவலகத்துக்கு நடக்கிற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். நம் பர்மாத் தமிழர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1982 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு முழுக் குடியுரிமை அட்டை இல்லாதவர்கள் நம்மில் பலர். அதனால் நிலம் மச்சான் பெயரிலோ, அட்டை வைத்திருக்கிற மருமகள் பெயரிலோ இருக்கும். வீடு எழும்பி மனைக்கு மதிப்பு ஏறியதும் அந்தப் பெயர்க்காரருக்கு உரிமை ஞாபகம் வரும். பெயர் யாருடையதோ அவரும், குடியிருக்கப் போகிறவரும், ஊர்ப் பெரியவரும் சேர்ந்து ஒரு தாளில் கையெழுத்துப் போடட்டும். அதற்குப் பிறகு முதல் கால் நட்டால் போதும்.

கூரையில் மிச்சம் பிடிக்காதீர்கள். நர்கிஸ் புயல் 2008 மே 2 அன்று டெல்டாவில் கரையேறியது. காற்று கூரையைத்தான் முதலில் பிடிக்கும். முன்னும் பின்னும் மட்டும் சரிந்த கூரையைவிட நாலு பக்கமும் சரிந்த கூரை காற்றைத் தாங்கும். மெல்லிய தகரத்தை வெறும் ஆணியில் அடித்தால், காற்று தூக்கும்போது ஆணி அங்கேயே நிற்கும், தகரம் கிழிந்து பறக்கும். தலை அகன்ற கூரை ஆணியும் ரப்பர் வாஷரும் வேண்டும்; வீட்டுத் தூண்களுக்கு இடையே குறுக்குச் சட்டம் வேண்டும். இவை போட்டோவில் தெரியாது, அதனால்தான் முதலில் வெட்டுப்படுகின்றன. மூங்கிலும் அப்படித்தான். தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைக்காத பச்சை மூங்கிலை வண்டு அரித்து மாவாக்கிவிடும். பர்மியர் 'டனி' என்று சொல்லும் சதுப்புப் பனையின் ஓலை வேய்ந்த கூரையை இரண்டு மூன்று வருடத்துக்கொரு முறை மாற்ற வேண்டும். திறப்பு விழாவுக்கு ரிப்பன் வாங்குகிறவர்கள் அதற்குப் பணம் எடுத்து வைப்பதில்லை.

போட்டோ என்றதும் ஒன்று. கூப்பிய கையோடு ஒரு பாட்டியை வாசலில் நிறுத்தி, நன்கொடையாளர் பெயர் எழுதிய பலகையைக் கையில் கொடுக்காதீர்கள். நாளை அதே ஊரில் அவர் கடன் வாங்கவும், பெண் கொடுக்கவும் வேண்டும்.

தமிழ்நாட்டு அறக்கட்டளைகளிடம் கேட்கப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: வரிவிலக்கு பெற்ற அறக்கட்டளை தன் வருமானத்தை இந்தியாவுக்கு வெளியே செலவழித்தால், மத்திய நேரடி வரி வாரியம் அனுமதி தந்தால் ஒழிய, அந்தத் தொகைக்கு விலக்கு கிடைக்காது. அவர்கள் தயங்குவது கஞ்சத்தனம் அல்ல. 2022 அக்டோபரில் மியான்மர் பணமோசடித் தடுப்பு அமைப்பின் (FATF) சர்வதேசக் கறுப்புப் பட்டியலில் சேர்ந்தபின் வெளிநாட்டு வங்கிகளும் பத்துக் கேள்வி கேட்கின்றன. அதே மாதம் மியான்மரில் வந்த அமைப்புகள் பதிவுச் சட்டம், பதிவில்லாமல் உதவிப் பணி செய்கிற குழுக்களுக்குத் தண்டனை வைத்திருக்கிறது. சரி, பதிவு இல்லை என்றால் பதிவுள்ள சங்கத்தோடு சேர்ந்து, அவர்கள் கணக்கு வழியாகச் செய்யுங்கள்.

எங்கள் இரண்டாவது முறை ஆறு வீடு என்று போய், ஐந்துதான் கட்டினோம். ஆறாவது வீட்டுப் பணம் மண்ணுக்கும் படகுக்கும் கழிப்பறைகளுக்கும் போனது என்று கொடுத்தவர்களுக்கு எழுதி அனுப்பினேன். இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் அடுத்த தீபாவளிக்கு முன் பணம் அனுப்பி, "படகுக்கு" என்று குறிப்பு எழுதியிருந்தார்.