மருந்து லேபிளும் மாட்டு டொக்டரும்: விவசாயப் புள்ளைங்களுக்கு இங்கிலீஷ்

12, 13ஆம் தரத்துல தொழிற்பிரிவுல விவசாயம், கால்நடை வளர்ப்பு எடுத்த நம்ம மலையகத்துப் புள்ளைங்களுக்கு இங்கிலீஷ் பாடம் உங்க கைக்கு வந்தா, டென்ஸ்ல மட்டும் ஆரம்பிச்சிராதீங்க. ஓ.எல். வரைக்கும் அதைப் பார்த்தே அலுத்துப் போய்தான் வந்திருக்காங்க.

மொதல்ல பயிருக்கு அடிக்கிற மருந்தோட லேபிள். காலிப் போத்தல வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லாதீங்க, கழுவினாலும் நஞ்சு மிச்சம் இருக்கும், போன்ல போட்டோ போதும். தமிழ்ப் பகுதிய மறைச்சுட்டு இங்கிலீஷ மட்டும் ஒருத்தர் வாசிக்கணும், இன்னொருத்தர் வெறும் தண்ணிய வச்சு அதை அப்படியே செஞ்சு காட்டணும். ஷேக், மிக்ஸ், வெயார், டூ நொட் ஸ்ப்ரேன்னு எல்லாமே கட்டளை வாக்கியம்தான், அதுனால கூச்சப்படுற புள்ளையும் வாயத் தொறக்கும். பெறகு கணக்கு: 10 லீட்டருக்கு 10 மில்லின்னு போட்டிருக்கு, நம்ம டேங்க் 16 லீட்டர், எவ்வளவு ஊத்தணும்? 16 மில்லின்னு சொன்னதோட விட்டுறாதீங்க, முழு வாக்கியமா வரணும். கோவாவுக்கு, அதான் முட்டைக்கோசுக்கு, 3ஆம் தேதி மருந்தடிச்சாச்சு, லேபிள்ல 14 நாள் காத்திருக்கச் சொல்லுது, எப்ப வெட்டலாம்? 17க்கு முந்தி முடியாது. நுவரெலியா பக்கம் மரக்கறி போடுற வீட்டுப் புள்ளைங்க இந்த எடத்துல "விலை ஏறி நிக்கிறப்ப யாரு சேர் நாள் பாக்கிறது"ன்னு சண்டைக்கு வருவாங்க, வரட்டும், ஆனா சண்டை இங்கிலீஷ்ல நடக்கணும், ஒடைஞ்ச இங்கிலீஷா இருந்தாலும் பரவால்ல.

அடுத்தது மாடு, போன்ல பேசுற மாதிரி நடிப்பு. ஒருத்தர் மாட்டுக்காரர், ஒருத்தர் டொக்டர், ரெண்டு பேரையும் முதுகு காட்டி ஒக்கார வைங்க, போன்ல பேசுறப்ப கைய காட்டி சமாளிக்க முடியாதுல்ல. எப்ப கன்னு போட்டுச்சு, காலையில எத்தனை லீட்டர் கறந்துச்சு, எப்பலேர்ந்து தீனி எடுக்கல, மடி வீங்கியிருக்கான்னு டொக்டர் கேக்கணும். சின்ஸ் (since), ஃபோர் (for) ரெண்டும் இங்கதான் தானா வந்து விழும், அப்ப போர்டுல ரெண்டு வரி எழுதி வெளக்குங்க, அது போதும். பெரிய மாட்டுக்கு 38.5 டிகிரி செல்சியஸ் சுமாரா சரியான சூடு, மாட்டுக்காரர் 40ன்னு சொல்லியும் டொக்டரா நடிக்கிறவர் அசையாம இருந்தா, அவருக்கு இங்கிலீஷும் வெளங்கல பாடமும் வெளங்கல.

புள்ளி போடுறப்ப ஸ்பெல்லிங்க பெருசா எடுக்காதீங்க. எண், அளவு, 'நொட்' இந்த மூணுலயும் மட்டும் கண்டிப்பா இருங்க. ஊசி போட்டு 72 மணித்தியாலத்துக்குப் பால் குடுக்காதேங்கிறதுல அந்த 'நொட்' விட்டுப்போனா மருந்து கலந்த பால், சேகரிக்கிற எடத்துக்குப் போயிரும். தவணைக் கடைசியில உங்க பக்கத்து கால்நடை உத்தியோகத்தர் யாரையாவது கெஞ்சியாவது கூட்டிட்டு வந்து அந்த டொக்டர் கதிரையில ஒக்கார வைங்க, டீச்சர் கேக்காத கேள்வியெல்லாம் அவங்க கேப்பாங்க.