குண்டுமல்லியா, முந்திரியா?

கடலூர் பக்கம் வீட்டுத் தோட்டத்தில் ஒரு மூலைதான் மிச்சம் என்றால் குண்டுமல்லியே வையுங்கள். நாலடி இடமும் நல்ல வெயிலும் போதும். நவம்பர் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மேலே உள்ள கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தால் பங்குனியிலிருந்து பூ பறிக்கலாம்.

முந்திரிக்கு இடம் தாராளமாக வேண்டும், குறைந்தது 20 அடி. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வி.ஆர்.ஐ. 3 என்ற ரகத்தின் ஒட்டுக்கன்று மூன்றாம் வருடமே காய்க்கத் தொடங்கும். பண்ருட்டிச் செம்மண்ணில் அருமையாக வரும். தண்ணீர் தேங்கும் இடத்தில் மட்டும் வைக்கவே வைக்காதீர்கள். 2011 தானே புயலில் நம் மாவட்டத்தில் எத்தனை முந்திரித் தோப்புகள் சாய்ந்தன! அதனால் வீட்டுச் சுவரை ஒட்டியும் வேண்டாம். அப்புறம், பச்சைக் கொட்டையைக் குழந்தைகள் உடைக்க விடாதீர்கள். ஓட்டிலுள்ள எண்ணெய் பட்டால் கை வெந்து புண்ணாகிவிடும்.